7520 என்பது 5625-ஐ விடப் பெரிய எண்தானே? செயலியின் பெயரை எப்படிப் படிப்பது?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு சிவில் இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு மடிக்கணினி வாங்குவதற்காகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு மடிக்கணினிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்றின் விலைச்சீட்டில் "ரைசன் 5 7520யு, 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை" என்றும், மற்றதில் "ரைசன் 5 5625யு, 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை" என்றும் அச்சிட்டிருந்தது. விற்பனையாளர் தயங்காமல் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். 7000 வரிசை புதியது, 5000 வரிசை பழையது, அடிப்படை வேகமும் இதில் 2.8 கிகாஹெர்ட்ஸ், அதில் 2.3 மட்டுமே என்று அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

மகள் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதில் நான்கு கோர்தான் இருக்கிறது, அதில் ஆறு இருக்கிறது" என்றாள் (கோர் என்பது செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதியாம்). புதிய கோர் பழைய கோரை விட வேகமானது, எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியதில்லை என்று அதற்கும் விற்பனையாளர் பதில் சொன்னார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் நம்புவதைத்தான் சொன்னார். ஆனாலும் மனம் ஒப்பாமல் வாங்காமலே திரும்பி வந்துவிட்டோம்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவன். என் பேரேட்டில் ஓர் எண் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு வவுச்சர் இருக்க வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே "ரைசன் 5" என்ற பெயரில் விற்கும் இந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? இவற்றை யார் வைக்கிறார்கள், எதை அளந்து வைக்கிறார்கள்? இதைப் புரிந்துகொள்ளாமல் ஐம்பதாயிரம் ரூபாயை எடுத்து வைக்க எனக்குத் துணிவில்லை. விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சிலிக்கான் தச்சன்

ஐயா, உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நீங்கள் பார்த்த இரண்டில், பெயரில் சிறிய எண்ணைக் கொண்ட 5625யு-தான் வலுவான செயலி.

5625யு 2022 ஜனவரியில் வெளிவந்தது. ஆறு கோர்களும் 'ஜென் 3' என்ற வடிவமைப்பைச் சேர்ந்தவை. அடிக்கடி வேண்டிய தரவைச் செயலி தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் மூன்றாம் நிலை கேச் நினைவகம் 16 எம்பி. 7520யு அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. நாள்காட்டிப்படி அது புதியதுதான். ஆனால் அதன் நான்கு கோர்களும் 'ஜென் 2' வடிவமைப்பு, அதாவது ஒரு தலைமுறை முந்தையவை; கேச் 4 எம்பி மட்டுமே. ஆகவே "புதிய கோர் வேகமானது" என்ற விற்பனையாளரின் வாதம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. பிந்தி வெளிவந்த செயலிக்குள் இருப்பவை முந்தைய தலைமுறைக் கோர்கள்.

இந்தப் பெயரிடும் முறையை, ரைசன் செயலிகளை விற்கும் ஏஎம்டி நிறுவனம் மறைக்கவில்லை. 2022 செப்டம்பரில் விளக்கப்படத்தோடு வெளியிட்டது. நான்கு இலக்கங்களில் முதலாவது ஆண்டைக் குறிக்கும் (7 என்றால் 2023-க்கான வரிசை), இரண்டாவது சந்தையில் அதன் தரநிலை, மூன்றாவது வடிவமைப்பு. 7520-இல் உள்ள அந்த 2-தான் ஜென் 2. அதே 7000 வரிசையில், அதே ரைசன் 5 பெயரில் 7530யு என்று ஒன்று இருக்கிறது. அது ஆறு கோர் கொண்ட ஜென் 3. ஓர் இலக்கம் மாறினால் ஒரு தலைமுறையும் இரண்டு கோர்களும் மாறிவிடுகின்றன. இதில் இன்னொரு கண்ணியும் உண்டு: 5625-இலும் மூன்றாவது இலக்கம் 2-தான், ஆனால் அது பழைய முறையில் வைத்த பெயர் என்பதால் அங்கே அந்த 2-க்கு இந்தப் பொருள் கிடையாது.

படம் வெளியிட்டார்கள் என்பதற்காக இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். இடமிருந்து வலமாகப் படிப்பவருடைய கண்ணில் முதலில் படுவது ஆண்டு. செயலியின் தரத்தைச் சொல்லும் இலக்கம் மூன்றாவதாக ஒளிந்திருக்கிறது. எந்த இலக்கத்தை முன்னால் வைப்பது என்று யாரோ முடிவெடுத்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் போட்டி நிறுவனமான இன்டெல் இதே 7520யு-வைச் சுட்டிக்காட்டி ஒரு விளம்பரக் கோப்பு வெளியிட்டு, விமர்சனம் எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே இன்டெல்லும் 'கோர் 7 150யு' என்று புதுப் பெயரில் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. அதனுள் இருந்தவை 13-ஆம் தலைமுறையின் கோர்களே.

7520யு கெட்ட பொருள் அன்று. குறைந்த மின்சாரத்தில், இணையம் பார்க்கவும் பாடம் எழுதவும் போதுமான சிறு மடிக்கணினிக்காகவே அது உருவாக்கப்பட்டது. ஆனால் அது ஏற்கும் நினைவகம் எல்பிடிடிஆர்5 வகை மட்டுமே. அது பலகையிலேயே பற்றவைத்து வரும். பின்னால் ரேம் கூட்ட முடியாது. சிவில் மாணவி வரைபட மென்பொருள் பயன்படுத்துவார் என்பதால் இதை முக்கியமாகச் சொல்கிறேன்.

பழைய மதர்போர்டு

தச்சன் விளக்கியதோடு ஒரு பழைய கதையைச் சேர்க்கிறேன். வரைபட மென்பொருள் என்று படித்ததும் எனக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது.

1998-இல் நான் சென்னையில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அலுவலகத்துக்கு ரிச்சி தெருவில் ஒரு கணினி வாங்கினோம். பில்லில் "200 மெகாஹெர்ட்ஸ்" என்று எழுதித் தந்தார்கள். கணக்கு, கடிதம், தட்டச்சு எல்லாம் நன்றாக ஓடின. ஆட்டோகேட் திறந்தால்தான் சிக்கல். மாடிப்படியின் முப்பரிமாணப் படத்தில் மறைந்த கோடுகளை நீக்கச் சொல்லிவிட்டு நான் தேநீர் குடித்துத் திரும்பினாலும் அது முடிந்திருக்காது. பக்கத்து அலுவலகத்தில் இருந்த 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் அதே கோப்பை முன்னதாகவே முடித்துவிடும். ஒருநாள் பெட்டியைத் திறந்து, செயலியின் மேலிருந்த விசிறியைக் கழற்றி, வெள்ளைப் பசையைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பெரிய எழுத்தில் "200+" என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் "150 மெகாஹெர்ட்ஸ்" என்றும் பொறித்திருந்தது. கடைக்குப் போய்க் கேட்டபோது, "200-க்குச் சமம் சார், ஒன்றுதான்" என்றார்கள். எதில் சமம் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு அன்று விவரம் போதவில்லை.

எதில் சமம் என்பதற்கான விடை பின்னால்தான் தெரிந்தது. 1996-இல் ஏஎம்டி, சைரிக்ஸ், ஐபிஎம், எஸ்ஜிஎஸ்-தாம்சன் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 'பி-ரேட்டிங்' என்ற மதிப்பீட்டைக் கொண்டுவந்தன. தங்கள் செயலிகள் ஒவ்வொரு துடிப்பிலும் (நொடிக்கு எத்தனை மில்லியன் துடிப்பு என்பதே மெகாஹெர்ட்ஸ்) இன்டெல்லின் பென்டியத்தை விட அதிக வேலை செய்கின்றன, ஆனால் வாங்குபவர் மெகாஹெர்ட்ஸை மட்டுமே பார்க்கிறார், அதனால் குறைந்த எண்ணோடு சந்தைக்குப் போனால் தோற்றுவிடுவோம் என்பது அவர்களுடைய கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. எனவே வின்ஸ்டோன் 96 என்ற சோதனையை ஓட்டி, எந்த மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தோடு தங்கள் செயலி ஈடாகிறதோ அந்த எண்ணைப் பெயராக வைத்தார்கள். 133 மெகாஹெர்ட்ஸில் ஓடிய சைரிக்ஸ் 6எக்ஸ்86 செயலிக்கு 166+ என்றும், 150-இல் ஓடியதற்கு 200+ என்றும் பெயர் வந்தது. ஏஎம்டி-யின் கே5 வரிசையில் 100 மெகாஹெர்ட்ஸ் செயலி பிஆர்133 ஆனது.

வின்ஸ்டோன் 96 அலுவலக மென்பொருள்களை ஓட்டிப் பார்க்கும் சோதனை. கடிதமும் அட்டவணையும் பெரும்பாலும் முழு எண் கணக்கு. அதில் 6எக்ஸ்86 உண்மையிலேயே கெட்டிக்காரன். கோணமும் வளைவும் கணக்கிடும் வரைபட மென்பொருளுக்கு வேண்டியது மிதவைப்புள்ளிக் கணக்கு, அதாவது தசமப் புள்ளியுள்ள எண்களின் கணக்கு. பென்டியத்தில் அந்தப் பகுதி ஒரு கணக்கு முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கும். 6எக்ஸ்86-இல் அந்த வசதி இல்லை. 1996-இல் குவேக் என்ற முப்பரிமாண விளையாட்டு வந்தபோது உலகம் முழுவதும் இந்தக் குறை வெளிப்பட்டது. 200+ என்பது தட்டச்சு செய்பவருக்கு உண்மையான எண். எனக்கு அது உண்மையாக இல்லை. கடை பில்லில் அந்தக் கூட்டல் குறியையும் நீக்கி, பக்கத்தில் மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியபோது அது யாருக்குமே உண்மையில்லாத எண்ணாகிவிட்டது. வைகைக்கரை ஐயா கேட்ட வவுச்சர் கிழிந்துபோன இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பான இன்டெல்லும் தூய்மையாக நடந்துகொள்ளவில்லை. 2000 நவம்பரில் இன்டெல் பென்டியம் 4-ஐ 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸில் வெளியிட்டது. ஒரு கட்டளையை முடிக்க அது கடக்க வேண்டிய உட்பாதை 20 படிகளாக நீட்டப்பட்டிருந்தது. பென்டியம் III-இல் 10 படிகள்தான். படிகளைச் சிறிதாக்கினால் துடிப்பை வேகமாக்கலாம், ஆனால் ஒரு துடிப்பில் நடக்கும் வேலை குறையும். குட்டை அடியாக வைத்து ஓட்டமாக ஓடுகிறவரும், நீள அடியாக வைத்து நடக்கிறவரும் ஒரே நேரத்தில் வீடு சேர்வதைப் போன்றது அது. அன்றாட மென்பொருள்கள் பலவற்றில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் III அதற்கு ஈடுகொடுத்தது. ஆனாலும் விளம்பரத்தில் 1.5 என்ற எண்தான் வென்றது. 2001 அக்டோபரில் ஏஎம்டி மறுபடியும் பழைய வழிக்கே திரும்பி, 1533 மெகாஹெர்ட்ஸ் அத்லான் எக்ஸ்பி-க்கு 1800+ என்று பெயர் வைத்தது. தங்களுடைய முந்தைய அத்லானோடு ஒப்பிட்ட எண் அது என்பது நிறுவனத்தின் விளக்கம். வாங்கியவர்கள் அனைவரும் அதைப் பென்டியம் 4-ஓடு ஒப்பிட்ட எண்ணாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஓட்டம் 2004-இல் முட்டி நின்றது. 31 படிகள் கொண்ட பிரெஸ்காட் என்ற பென்டியம் 4 வகை வெப்பத்தைக் கக்கியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐக் கைவிடுவதாக அக்டோபரில் இன்டெல் அறிவித்தது. அதே மாதம் அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கிரெய்க் பேரட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டார். இரண்டே ஆண்டுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ, 3.73 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எக்ஸ்ட்ரீம் எடிஷனைப் பெரும்பாலான வேலைகளில் முந்தியது. முன்னதன் விலை 316 டாலர், பின்னதன் விலை 999 டாலர். அந்த 999-ஐக் கொடுத்து வாங்கியவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திண்டுக்கல் கணினிக் கடை

விற்பனையாளர் தரப்பிலிருந்து சில வார்த்தைகள் சொல்ல அனுமதியுங்கள். பதினெட்டு ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருபவர் கேட்கும் முதல் கேள்வி "ஐ5-ஆ, ஐ7-ஆ?" என்பதுதான். கேச் அளவையும் கோர் வடிவமைப்பையும் விளக்கத் தொடங்கினால், ஏதோ சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. கூட்டமான கடையில் ஓர் எண் இல்லாமல் எப்படித்தான் விற்பது?

அந்த எண்ணால் மக்கள் ஏமாறுவதையும் நானே பார்த்திருக்கிறேன். 2017 வாக்கில் ஐ7-7500யு போட்ட மடிக்கணினியைப் பெருமையோடு வாங்கிச் சென்றவர்கள் ஏராளம். அதில் இருந்தவை இரண்டே கோர்கள், 15 வாட் செயலி. அதே தலைமுறையில் மேசைக் கணினிக்கான ஐ5-7400-இல் நான்கு கோர்கள். ஐ7 என்றால் ஐ5-ஐ விட மேலானது என்று நம்பி, மகனுடைய மேசைக் கணினியை விற்றுவிட்டு மடிக்கணினி வாங்கிய பெரியவர் ஒருவர், "புதிது ஏன் மெதுவாக இருக்கிறது?" என்று திரும்பி வந்து கேட்டார். அவருக்கு நான் கொடுத்த விளக்கம் எனக்கே நிறைவாக இல்லை. அன்றிலிருந்து வாடிக்கையாளரிடம் முதலில் "என்ன வேலைக்கு?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆனாலும் பி-ரேட்டிங்கை ஏமாற்று என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. வெறும் மெகாஹெர்ட்ஸை விட அது நேர்மையான முயற்சி. என்ன சோதனை, எதோடு ஒப்பீடு என்று சொல்லி வைத்த எண் அது. இன்றைய 7520-க்கு அந்த அளவு பிடிமானம்கூடக் கிடையாது. அது எதையும் அளந்து வைத்த எண்ணே அன்று.

வெப்பமானி

திண்டுக்கல் நண்பர் கடைசியாகச் சொன்னதை மனமார ஏற்கிறேன். ஆனால் அளந்து வைக்கும் எண்ணிலும் ஆபத்து இருக்கிறது. மதிப்பெண்தான் விற்பனையைத் தீர்மானிக்கும் என்று தெரிந்துவிட்டால், மதிப்பெண்ணுக்காகவே பொருளைத் தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

2013-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4-இன் ஒரு வகையில் இது கையும் களவுமாகப் பிடிபட்டது. அதன் கிராபிக்ஸ் பகுதி சாதாரணமாக 480 மெகாஹெர்ட்ஸில் ஓடும். வேகத்தை அளக்கும் குறிப்பிட்ட சில சோதனை மென்பொருள்களைத் திறந்தால் மட்டும் 533-க்கு ஏறிக்கொள்ளும். ஆனந்த்டெக் தளம் இதை வெளிக்கொண்டுவந்தது. அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டு 2019-இல் சமரசத்தில் முடிந்தது. பென்டியம் 4-இன் சோதனை மதிப்பெண்கள் திரிக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டிலும் ஒரு வழக்கு நடந்து, 2014-இல் சமரசமானது. இன்டெல் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 2000-களின் தொடக்கத்தில் வாங்கியவர்களுக்குக் கணினி ஒன்றுக்கு 15 டாலர் தர இசைந்தது. அதற்குள் அந்தக் கணினிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். எட்டு கோர் என்று விற்ற புல்டோசர் வகைச் செயலிகளில் இரண்டிரண்டு கோர்கள் மிதவைப்புள்ளிப் பகுதியைப் பகிர்ந்துகொண்டன. அதை எட்டு என்று சொல்லலாமா என்ற வழக்கை 2019-இல் 12.1 மில்லியன் டாலருக்கு ஏஎம்டி முடித்துக்கொண்டது. "கோர்" என்ற சொல்லுக்கே பொருள் என்ன என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்ததை எண்ணிப் பாருங்கள்.

வைகைக்கரை ஐயா, உங்கள் விலைச்சீட்டில் நான் உற்றுப் பார்க்கும் சொல் "வரை" என்பதுதான். 4.3 கிகாஹெர்ட்ஸ் "வரை" என்றால், ஒரு கோர் மட்டும் வேலை செய்து, செயலி குளிர்ந்திருக்கும் சில நொடிகளுக்கு. மெல்லிய உடல் கொண்ட மடிக்கணினியில் எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைத்தால் சற்று நேரத்திலேயே அடிப்பகுதி சுடும், விசிறி இரையும், வேகம் அடிப்படை அளவை நோக்கி இறங்கும். செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனை இயல்பாகவே பத்து நிமிடம் ஓடுமாறு அமைந்திருப்பது இதனால்தான். முதல் சுற்றின் மதிப்பெண்ணை விட்டுவிட்டுப் பத்தாவது நிமிடத்தில் நிற்கும் மதிப்பெண்ணைப் பாருங்கள்.

தனி கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினியைப் பின்னால் பார்க்க நேர்ந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் மடிக்கணினித் தயாரிப்பாளர் அமைத்துக்கொள்ளலாம். பெட்டியின் முகப்பில் பெயர் மட்டுமே இருக்கும். வாட் அளவைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் கீழே வரை போய்த் தேட வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தனியாக வரையறுக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் 7520 என்ற எண்ணில் பொய் எதுவும் இல்லை என்பதால் அங்கே உங்கள் கை ஓங்காது. பில்லில் எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்றால் மட்டும் வழக்குக்கு வலு இருக்கும். ஆகவே செயலியின் முழுப்பெயரைக் கடைசி எழுத்து வரை பில்லில் எழுதி வாங்குங்கள்.

பழைய மதர்போர்டு

திண்டுக்கல் நண்பருக்கு: பி-ரேட்டிங்கில் சோதனையின் பெயரைச் சொன்னார்கள் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நிறுவனத்தின் அறிக்கையில் இருந்தது. எங்கள் பில்லில் இல்லை. ரிச்சி தெரு வரை வந்து சேர்வதற்குள் சோதனையும் ஒப்பீடும் உதிர்ந்து எண் மட்டுமே மிஞ்சியது. நீங்கள் "என்ன வேலைக்கு?" என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்வியை அன்று ஒருவர் கேட்டிருந்தால் எங்கள் அலுவலகத்துக்கு அந்தக் கணினி வந்திருக்காது.

வைகைக்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை மகளோடு அதே கடைக்கு மறுபடியும் போனேன். விற்பனையாளரிடம் இந்த மூன்றாவது இலக்க விவரத்தைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கைப்பேசியில் அந்த விளக்கப்படத்தைத் தேடி எடுத்துப் படமாகச் சேமித்துக்கொண்டார். காட்சிக்கு வைத்திருந்த 5625யு மடிக்கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஆறு கோர்கள் இருப்பதையும் இரண்டு ரேம் இடங்களில் ஒன்று காலியாக இருப்பதையும் மகள் எனக்குக் காட்டினாள். கேட்டபடியே பில்லில் முழுப்பெயரையும் எழுதித் தந்தார்கள்.

இப்போது இருப்பது 8 ஜிபி ஒற்றை அட்டை. அடுத்த மாதம் இன்னொன்று வாங்கிப் போட எண்ணியிருக்கிறேன். இருக்கும் அட்டையில் "டிடிஆர்4 3200" என்று எழுதியிருக்கிறது. அதே எண் கொண்டதே வாங்கினால் போதுமா?

சிலிக்கான் தச்சன்

போதும் ஐயா. மடிக்கணினிக்கான சிறிய அட்டை, 8 ஜிபி, டிடிஆர்4 3200 என்று கேட்டு வாங்குங்கள். ஒன்றுக்கு இரண்டு அட்டைகள் இருந்தால் செயலி இரு வழியாகவும் தரவை எடுத்துக்கொள்ளும். அதில் உள்ள கிராபிக்ஸ் பகுதியும் இந்த ரேமையே பகிர்ந்துகொள்வதால் வரைபட மென்பொருளில் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். கடையில் 3200 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்வார்கள். அது நொடிக்கு 3200 மில்லியன் பரிமாற்றம் என்ற கணக்கு. ஒரு துடிப்புக்கு இரண்டு பரிமாற்றம் என்பதால் அதன் கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். சோதனை மென்பொருளில் 1600 என்று காட்டினால் பதற வேண்டாம், அட்டை சரியாகத்தான் ஓடுகிறது.